மெனுலிப்ரே: கடையில் நாலு டெஸ்க்டாப்பிலும் ஓட்டிப் பார்த்த பிறகு

மெனுலிப்ரே என்பது லினக்ஸில் ஆப் மெனுவை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள உதவும் ஒரு எடிட்டர். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மொய்க் கணக்கு டைப் அடிப்பது, ஸ்கேன், ஜெராக்ஸ், இவ்வளவுதான் தொழில். கம்ப்யூட்டர் நாலு. நாலிலும் லினக்ஸ், ஆனால் நாலிலும் வேறு வேறு டெஸ்க்டாப், அதாவது மெனு, பேனல், ஜன்னல் எல்லாம் சேர்ந்த திரை அமைப்பு. வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை, மெஷினின் சக்திக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. வாசலில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பது என் தம்பிக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி, 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தது, 2 ஜிபி ராம்தான், அதனால் அதில் எக்ஸ்எஃப்சிஇ போட்டிருக்கிறேன். நடுவில் உள்ள இரண்டிலும் லினக்ஸ் மின்ட், ஒன்றில் சினமன், ஒன்றில் மாட்டே. என் மேசையில் கேடிஇ பிளாஸ்மா.

கடையில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கு இன்ன சீட் என்று கிடையாது. எது காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். முகூர்த்த மாதத்தில் வாசல் வரை ஆள் நிற்கும்போது, "அண்ணே, இதுல ஸ்கேனர் எங்கண்ணே இருக்கு?" என்ற கேள்வி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். அவள் கேட்பதில் தப்பே இல்லை. ஸ்கேன் எடுக்கிற ஆப் 'வரைகலை' என்ற பிரிவுக்குள் இருக்கிறது, அதை எழுதியவர்களுக்கு அது படம் சம்பந்தப்பட்ட விஷயம். பட்டா நகலோடு வந்து நிற்பவருக்கும் அவளுக்கும் அது ஆபீஸ் வேலை.

போன வைகாசியில் ஒரு கோயில் நோட்டீஸ் தப்பாகப் போனதுதான் இதில் நான் முழுசாக இறங்கக் காரணம். சினமன் மெஷினில் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் இரண்டு பதிப்பு இருந்தது. பழைய ஃபான்ட்டில் செய்த பழைய கோப்புகளைத் திறப்பதற்காக 1.4, மற்ற எல்லாவற்றுக்கும் 2024-இல் வந்த 1.6. யூனிகோடு தமிழ் 1.6-இல்தான் ஒழுங்காக வரும், 1.4-இல் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். இரண்டும் மெனுவில் ஒரே பெயர், ஒரே ஐகான். அவசரத்தில் பழையதைத் திறந்து உரையை ஒட்டி, புரூஃப் சரியாகப் பார்க்காமல் 200 பிரதி ஓட்டிய பிறகுதான் அம்மன் பெயரிலேயே 'கொ' உடைந்திருப்பது தெரிந்தது. கொப்புடையம்மன் பெயர் காரைக்குடியில் அப்படி உடைந்து அச்சாவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தோம். மெனுவில் இரண்டு வரிக்கு வேறு வேறு பெயர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரியே மெனுலிப்ரே நிறுவினேன். இலவசம், கட்டற்ற மென்பொருள், பைத்தானில் எழுதப்பட்டது, ஜூபுன்டுவில் கூடவே வருகிறது. டெபியன், மின்ட் எல்லாவற்றிலும் பெயரைத் தேடினால் கிடைக்கும். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சினமன், கேடிஇ, க்னோம், எல்எக்ஸ்க்யூடி எல்லாவற்றிலும் திறக்கும். எல்லாவற்றிலும் ஒரே பலன் கிடைக்கிறதா என்றால் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மெனு எப்படி உருவாகிறது என்பது புரிய வேண்டும், புரியாமல் கை வைத்தால் ஒன்றைச் சரி செய்ய இன்னொன்று காணாமல் போகும். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கிறது, அதன் பெயர் டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு முடியும். அதில் பெயர், ஐகான், ஓட வேண்டிய கட்டளை, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்ற வரிகள். ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த பொது விதி இது, எல்லா டெஸ்க்டாப்பும் இதே கோப்புகளைத்தான் படிக்கின்றன. ஆனால் படித்ததை எந்த அலமாரியில் அடுக்குவது என்பதற்கு ஒவ்வொன்றும் தனித்தனி மெனு கோப்பு வைத்திருக்கிறது, எக்ஸ்எஃப்சிஇக்கு ஒன்று, மாட்டேவுக்கு ஒன்று, சினமனுக்கு ஒன்று. நம்ம ஊர்ப் பெரிய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். ஒரே முகப்பு, ஒரே வளவு, ஆனால் மகனுக்குக் கல்யாணமாகி வேறு வைத்துவிட்டால் அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தத் தம்பதிக்கு, தனி அறை, தனி அடுப்பு. வீடு பொது, சமையல் தனி. அப்படித்தான் ஆப் கோப்புகள் பொது, அடுக்குவது தனி.

இதிலிருந்து வருவதுதான் முக்கியமான விஷயம். பெயரை மாற்றுவது, மறைப்பது, ஐகான் மாற்றுவது எல்லாம் ஆப் கோப்பில் நடப்பவை, அதனால் எந்த டெஸ்க்டாப்பிலும் செல்லும். பிரிவுகளை முன்பின்னாக நகர்த்துவது மெனு கோப்பில் நடப்பது, அது அந்த டெஸ்க்டாப்போடு நின்றுவிடும். மெனுலிப்ரேயில் நான் செய்த எல்லா வேலையும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்துத்தான் செய்தேன்.

திறந்தவுடன் இடப்பக்கம் மெனு மரம், வலப்பக்கம் அந்த ஆப்பின் பெயர், விளக்கம், கட்டளை, ஐகான். கீழே பிரிவுகள் தனியாக. மேலே புதிய ஆப், புதிய ஃபோல்டர், இடைக்கோடு சேர்க்கும் பொத்தான்கள், ஒரு படி பின்வாங்கும் வசதி. அவ்வளவு எளிது, பழகப் பத்து நிமிஷம் போதும். முழு அட்மின் உரிமை உள்ள ரூட் பயனராகத் திறக்க முயன்றால் திறக்காது, அது நல்லதுதான், கணினியின் மூலக் கோப்புகளில் கை படாது. நாம் மாற்றுவது எல்லாம் நம் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் ஒரு நகலாகப் போய் உட்காரும். அதே பெயரில் நம்முடைய கோப்பு இருந்தால் கணினி அதைத்தான் முதலில் எடுக்கும். நகலை அழித்தால் பழையபடி மூலம் திரும்பி வந்துவிடும். தைரியமாக விளையாடலாம்.

நான் முதலில் செய்தது மறைப்பு. கடைக்குத் தேவையில்லாதது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள், விளையாட்டுகள், இரண்டு மூன்று டெர்மினல், கேரக்டர் மேப், எப்போதும் தொடாத அமைப்புகள். 'மெனுவில் மறை' என்ற ஒரு சுவிட்ச் போதும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மெனுலிப்ரே இதற்கு எழுதுவது 'நோடிஸ்ப்ளே' என்ற வரி. அதாவது ஆப் இருக்கிறது, மெனுவில் மட்டும் காட்டாதே. ஒரு பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால் மறைத்த ஆப் வழக்கம்போலத் திறக்கும். கையால் எழுதும் சிலர் 'ஹிடன்' என்ற வரியைப் போட்டுவிடுகிறார்கள், அது அந்த ஆப்பே இல்லை என்று கணினிக்குச் சொல்வதற்குச் சமம், அதோடு கோப்புகளைத் திறக்கும் தொடர்பும் அறுந்துபோகும். மறைக்க வேண்டுமானால் முதலாவதைப் போடுங்கள்.

அடுத்தது அந்த ஸ்கிரைபஸ் விவகாரம். இரண்டும் ஆப்இமேஜ் வடிவில், அதாவது நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பாக, உள்ளவை. ஆப்இமேஜ் தானாக மெனுவில் சேராது, நான்தான் முன்பு கையால் சேர்த்திருந்தேன், பெயரைக் கவனிக்கவில்லை. மெனுலிப்ரேயில் புதியதற்கு 'நோட்டீஸ்' என்று பெயர் வைத்தேன். பழையதற்கு 'பழைய ஃபான்ட் கோப்பு மட்டும்' என்று நீளமாகவே வைத்து, ஐகானையும் மாற்றி, வேறு பிரிவுக்குள் தள்ளினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மாறிப் போகவில்லை.

அதே சூட்டில் எல்லாவற்றுக்கும் வேலையின் பெயரையே வைத்தேன். படம் வரையும் இங்க்ஸ்கேப் 'பத்திரிகை' ஆனது, ஸ்கேனர் ஆப் 'ஸ்கேன்' ஆனது. எனக்கு ரொம்பப் பிடித்தது 'மொய்க் கணக்கு'. அது தனி ஆப் இல்லை, லிப்ரேஆபீஸ் கால்க்தான். ஊர், பெயர், தொகை என்று கட்டம் போட்ட ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறோம். புதிய ஆப் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, கட்டளை வரியில் லிப்ரேஆபீஸுக்குப் பின்னால் அந்த டெம்ப்ளேட்டின் முழுப் பாதையைக் கொடுத்தேன். இப்போது அதைத் தொட்டால் பெயரிடாத புதிய தாள் கட்டங்களோடு திறக்கிறது, போன கல்யாணத்து மொய் மேலேயே எழுதிவிடும் பயம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்க நினைத்தபோதுதான் மெனுலிப்ரேயின் முதல் முட்டுக்கட்டை. ஏற்கனவே உள்ள பிரிவுகளுக்குள், உதாரணமாக 'அலுவலகம்' என்பதற்குள், புதிய உள்ஃபோல்டர் போட விடாது. வெளியே மேல் மட்டத்தில்தான் போடலாம். சரி என்று மேலே 'கடை வேலை' என்று போட்டேன். எக்ஸ்எஃப்சிஇயில் அதை முதல் வரிசைக்கு நகர்த்தினேன், அங்கே நான் வைத்திருக்கும் விஸ்கர் என்ற மெனுவில் நகரவே இல்லை, பிறகுதான் அதன் அமைப்புகளில் பிரிவுகளை அகரவரிசைப்படுத்தும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது, அதை எடுத்ததும் வந்துவிட்டது. சினமன் மெனு தன் பிரிவுகளைத் தானே அகரவரிசையில் வைத்துக்கொள்கிறது, நாம் வைக்கும் வரிசையைக் கேட்பதில்லை. அதற்கு நான் கண்ட வழி பெயருக்கு முன்னால் ஓர் எண். '1 கடை வேலை' என்று மாற்றியதும் மேலே வந்துவிட்டது. பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் நாலு மெஷினிலும் ஒரே பெயர் இருப்பது அழகைவிட முக்கியம் என்று எல்லாவற்றிலும் எண்ணோடே வைத்துவிட்டேன்.

மெனுலிப்ரே செய்யும் இன்னொரு நல்ல காரியம், பழுதான ஆப் கோப்புகளைக் கண்டுபிடித்துத் திறக்கும்போதே பட்டியல் போடுவது. எங்கள் மாட்டே மெஷினில் ஒரு பிரிண்டருக்காக எப்போதோ போட்ட டிரைவர், நீக்கிய பிறகும் ஒரு கோப்பை விட்டுச் சென்றிருந்தது. மெனுவில் ஐகான் தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அது ஓட்ட வேண்டிய நிரலே கணினியில் இல்லை. பல மாதமாக அதை அழுத்திப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தோம், காரணம் ஒரு நிமிஷத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைன் போட்டுப் பழைய நிரல் ஓட்டியவர்களுக்கும் இதே தொல்லை உண்டு, வைனை நீக்கினாலும் ஹோம் ஃபோல்டரில் அப்ளிகேஷன்ஸுக்குள் வைன் என்ற துணை ஃபோல்டரும் அதன் மெனு துண்டுகளும் கிடக்கும். அவற்றைக் கையாலேயே அழித்துவிடலாம்.

பிளாஸ்மாவுக்கு வருவோம். என் மேசையில் மெனுலிப்ரே திறக்கிறது, பெயர் மாற்றம், மறைப்பு எல்லாம் எடுக்கிறது. ஆனாலும் அங்கே கேடிஇயின் சொந்த மெனு எடிட்டரைத்தான் பரிந்துரைக்கிறேன். மெனு ஐகானில் வலது கிளிக் செய்தாலே வந்துவிடும். உள்ஃபோல்டர்களை இழுத்துப் போட விடுகிறது, ஒவ்வொரு ஆப்புக்கும் அங்கேயே கீபோர்டு ஷார்ட்கட் வைக்க விடுகிறது, எல்லாம் குழம்பிப் போனால் தொடக்க நிலைக்குத் திரும்ப ஒரு கட்டளையும் உண்டு. அது தன் மாற்றங்களைத் தனக்கென்று ஒரு தனி மெனு கோப்பில் எழுதுகிறது. அதனால் இரண்டு எடிட்டரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள், எதில் செய்த மாற்றம் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போகும்.

க்னோமில் கதையே வேறு. அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மகன் லேப்டாப்பில் க்னோம், "மாமா, எனக்கும் பிரிவு பிரிவா வச்சுத் தாங்க" என்று கொண்டுவந்தான். க்னோம் 3 வந்த 2011-இலிருந்தே பிரிவு மரம் என்பது அங்கே முக்கியமில்லை, ஆப்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். மெனுலிப்ரேயில் மறைத்தது மறைந்தது, பெயர் மாற்றியது மாறியது, பிரிவு மாற்றியது கட்டத்தில் தெரியவே இல்லை. அங்கே ஓர் ஐகானை இன்னோர் ஐகான் மேல் இழுத்துப் போட்டால் ஃபோல்டர் ஆகும், அதுதான் அங்கே வழி. பழைய பாணி மெனுதான் வேண்டுமென்றால் க்னோமின் சொந்த நீட்சிகளிலேயே பிரிவு மெனு ஒன்று இருக்கிறது. அவனுக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன்.

மற்ற எடிட்டர்களைப் பற்றி வேகமாக. அலாகார்ட்டே பழையது, டிக் போட்டு எடுப்பது தவிரப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மாட்டேயில் வரும் மோசோ அதன் வழித்தோன்றல், ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்குப் பரிமாறுபவர் என்று பொருள், பந்தியில் இலைக்கு வேண்டியதை மட்டும் வைப்பவரைப் போல மறைக்கவும் காட்டவும் மட்டும் என்றால் அதுவே போதும். சினமனின் சொந்த எடிட்டரும் அதே குடும்பம்தான்.

இப்போது எச்சரிக்கைகள். முதலாவது, நம் ஹோமில் உருவாகும் நகல் பிறகு தானாகப் புதுப்பிக்கப்படாது. ஆப் அப்டேட்டாகி அதன் கட்டளையோ ஐகானோ மாறினாலும் நம் நகலில் பழைய வரியே இருக்கும். ஓர் ஆப் திடீரென்று திறக்கவில்லை என்றால் முதலில் அந்த நகலை நகர்த்தி வைத்துப் பாருங்கள். இதை மெனுலிப்ரே தானே கவனித்துச் சொன்னால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

இரண்டாவது, ஒரே மெஷினில் இரண்டு டெஸ்க்டாப் போட்டிருப்பவர்களுக்கு. ஒன்றின் அமைப்புகள் இன்னொன்றின் மெனுவில் வந்து நிற்கும். 'ஒன்லிஷோஇன்' என்ற வரியில் டெஸ்க்டாப்பின் பெயரைக் கொடுத்தால் அதில் மட்டும் தெரியும். ஆனால் சினமனுக்கு வெறும் சினமன் என்று எழுதினால் வேலை செய்யாது, முன்னால் எக்ஸ் போட்டு ஒரு சிறு கோடும் சேர்த்து எக்ஸ்-சினமன் என்று எழுத வேண்டும், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போனது.

மூன்றாவது தமிழில் மெனு வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு மெஷினில் இடைமுகம் தமிழ், இரண்டில் ஆங்கிலம். ஆங்கில மெஷினில் பெயர் மாற்றிய கோப்பைத் தமிழ் மெஷினுக்கு நகல் எடுத்தபோது அங்கே பழைய பெயரே தெரிந்தது. ஒரே கோப்பில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பெயர் வரி இருக்கும், தமிழுக்கானது சதுர அடைப்புக்குள் டி, ஏ என்ற இரண்டு எழுத்தோடு வரும். தமிழ் இடைமுகம் அந்த வரியைத்தான் எடுக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து அந்த வரியையும் மாற்றினால் தீர்ந்தது. விளக்கம் என்ற வரிக்கும் இதே விதிதான்.

அப்புறம், ஒரு மெஷினில் இரண்டு மூன்று பயனர்கள் இருந்தால் மெனுலிப்ரேயில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதற்குப் பதில் மாற்றிய ஆப் கோப்புகளை யுஎஸ்ஆர், லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற பாதையில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் செல்லும், பேக்கேஜ் அப்டேட்டும் அந்த இடத்தைத் தொடாது. மெனுலிப்ரே இதைச் செய்யாது, அட்மின் உரிமையோடு கையால் நகல் எடுக்க வேண்டும்.

என் கணிப்பு: எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சினமன் மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மெனுலிப்ரே. பிளாஸ்மாவில் அதன் சொந்த எடிட்டர். க்னோமில் மறைப்புக்கும் பெயருக்கும் மட்டும் மெனுலிப்ரே. ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று நகல் பழசாவதைச் சொல்லாததற்காக.

போன மாதம் தேவகோட்டையில் மச்சான் கடை போட்டார், இரண்டு மெஷின், இரண்டும் சினமன். என் ஹோமிலிருந்து அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரையும் டெம்ப்ளேட்டையும் மட்டும் பென் டிரைவில் கொண்டு போனேன், மெனு கோப்பைத் தொடவில்லை, '1 கடை வேலை' ஃபோல்டரை அங்கேயே புதிதாகப் போட்டு ஆப்களை அதற்குள் சேர்த்தேன். பயனர் பெயர் வேறு என்பதால் ஆப்இமேஜ் இரண்டுக்கும் மொய்க் கணக்குக்கும் பாதையை மாற்ற வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே வந்துவிட்டது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் யாரையும் கேட்காமல் 'மொய்க் கணக்கு' திறந்து, நோட்டைப் பக்கத்தில் வைத்து மூன்றாவது பக்கத்தில் இருந்தான்.